வீட்டில் கவனிப்புப் போதாது

இரத்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

அன்பும் மதிப்பும் நிறைந்த றிஸ்மியா லாத்தாவுக்கு, தம்பி அப்துல் ஸமத் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், நூருன்னிஸா, பிள்ளைகள் நான்கு பேர், கடை, கடை வாசலில் காயும் கராம்பு எல்லாம் சுகம். அடுத்ததாக உங்கள் சுகத்தை விசாரித்து எழுதுவதுதான் முறை. ஆனால் நீங்கள் இருப்பது எங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம், நடுவில் இருப்பது ஒரு த்ரீவீல் போகிற அளவுப் பாதை. நேற்றுக் காலையில் நீங்கள் துணி காயப்போட்டதையும், மழை வந்ததும் ஓடிவந்து எடுத்ததையும், எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமலே உள்ளே போனதையும் கண்டேன். ஆகவே உடம்புக்குச் சுகம்தான் என்று தெரிகிறது. மனசுக்குச் சுகமில்லை என்பதும் தெரிகிறது, அதற்குக் காரணம் யார் என்பதும் தெரியும். பாதையைக் கடந்து வந்து வாயால் சொல்ல வேண்டியதை இப்படிக் கடிதமாக எழுதுகிறானே, இவன் என்ன ஆள் என்று நினைப்பீர்கள். வெட்கப்பட்ட ஆள், லாத்தா. மூன்று தடவை உங்கள் கேட் வரைக்கும் வந்தேன். மூன்று தடவையும் பெயின்ட் பார்க்க வந்தவன் மாதிரிக் கேட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் தவறு செய்தவன் தன் கையால் ஒரு தடவை முழுவதையும் எழுதினால்தான் மன்னிப்புக் கேட்டதாக ஆகும் என்று நூருன்னிஸா சொல்கிறாள், இப்போதெல்லாம் அவள் சொன்னால் நான் கேட்கிறேன். பெற்றோர் கூட்டத்தன்று எங்கள் மூன்றாவது பிள்ளை ஹஸீபின் தேர்ச்சி அறிக்கை என் கைக்கு வந்தது. வகுப்பாசிரியர் குறிப்பு என்ற இடத்தில் உங்கள் உருண்டை உருண்டையான எழுத்தில் "வீட்டில் கவனிப்புப் போதாது" என்றிருந்தது. வேறு டீச்சர் யாராவது எழுதியிருந்தால் மடித்துச் சட்டைப் பையில் போட்டிருப்பேன். கூடப் பிறந்த சொந்த லாத்தா, என் வீட்டுக் கறிச் சட்டியைத் திறந்து பார்க்கிற உரிமையுள்ள லாத்தா, என் வீட்டைப் பற்றி இப்படி எழுதியதும் கோபம் தலைக்கேறிவிட்டது. அதிபருக்கும் எண்பது பெற்றோருக்கும் முன்னால் எழுந்து நின்று, "புள்ள பெத்து வளர்த்துப் பார்க்காதவங்களுக்கு வீட்டுக் கவனிப்பப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டேன். இந்த வரியை எழுதப் பேனாவே வரவில்லை, இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் எழுதினேன். அன்றைக்கு அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "இனி என் நாலு புள்ளைக்கும் வீடுதான் ஸ்கூல், நான்தான் பிரின்ஸிபல்" என்றும் சொன்னேன். பின்வரிசையில் இருந்த மாத்தளைக் கடைக்கார நளீம் மட்டும் கைதட்டினான், அவன் கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்தானாம். நீங்கள் அடுத்த பிள்ளையின் அறிக்கையை எடுத்து அதன் தகப்பனின் பெயரைக் கூப்பிட்டீர்கள்.

எனக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடியிருந்தபோது பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தார்கள் அல்லவா, அதை நான் படிப்பித்ததாகவே இத்தனை வருடமும் எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் படிப்பித்தது நீங்கள், போன் வழியாக. நான் செய்ததெல்லாம் சிக்னல் கிடைக்கும் என்று பலாமரத்தடியில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தது. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை கடைக்குப் பின்னால் உள்ள ஸ்டோர் அறையில் மிளகு மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கி, கதவில் கறுப்புப் பெயின்ட் அடித்து, பழைய தராசுத் தட்டை மணியாகக் கட்டித் தொங்கவிட்டு வீட்டுப் பாடசாலையைத் திறந்தேன். நாலு பேரும் வெள்ளைச் சீருடையில், காலில் சப்பாத்தோடுதான் வர வேண்டும் என்றேன். சமையலறையிலிருந்து ஸ்டோருக்குப் பன்னிரண்டு அடி, அதற்குச் சப்பாத்து எதற்கு என்று பஸ்லி கேட்டான். பிள்ளைக்குப் பதினைந்து வயதாகிறது, கேள்வி கேட்கத்தான் செய்யும் என்று சும்மா விட்டேன். காலைக்கூட்டம், தேசிய கீதம் எல்லாம் உண்டு. முதல் நாள் பிள்ளைகள் கீதம் பாடிக்கொண்டிருந்தபோது மீன்கார யாகூப் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாதையில் நேராக நின்றார். கடைக்கு மிளகு கொண்டுவந்த இராமசாமி அண்ணன் மூட்டையைத் தலையிலிருந்து இறக்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் கீதம் முடியும்வரை கழுத்து நடுங்க நின்றார். மறுநாளிலிருந்து அவர் எட்டு மணிக்குப் பிறகுதான் வருகிறார்.

பாடங்களைப் பற்றி என்ன சொல்ல. பஸ்லி தரம் பத்துக் கணக்கைக் கொண்டுவந்து காட்டினான். எண்களாக இருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன், அதில் இருந்ததெல்லாம் எழுத்துகள். இது பரீட்சைக்கு வராது என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினேன், அடுத்த பக்கத்திலும் அதுவே இருந்தது. கடைசியில் தரம் எட்டுப் படிக்கும் பஸ்லா, "வாப்பா, நீங்க கடையப் பாருங்க, நான் பஸ்லி நானாவோட கொஞ்சம் சேர்ந்து பார்க்கிறேன்" என்று என் மானத்தைக் காப்பாற்றினாள். சிங்களப் பாடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருபது வருடம் மாத்தளைக்கும் கலேவெலவுக்கும் போய் வியாபாரம் பேசியவன் அல்லவா, தரம் இரண்டு ஜெஸ்லாவுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்க நான் போதும் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் கிராம சேவகர் மாத்தையா வீட்டுக்கு வந்தார். பெரியவர் வந்திருக்கிறார், சிங்களத்தில் மரியாதையாக ஒரு வார்த்தை பேசு மகள் என்றேன். அவள் இடுப்பில் கை வைத்து அவரை மேலும் கீழும் பார்த்து, "அந்திம கான கீயத?" என்று கேட்டாள். கடைசி விலை என்ன என்று. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த வார்த்தைகள் எல்லாமே பேரம் பேசுகிற வார்த்தைகள்தான். மாத்தையா சிரித்துவிட்டுத் தேநீர் குடித்தார். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை என்று என்னைப் பிடிக்க வந்திருக்கிறார் என்று நான் வியர்த்துக்கொண்டிருக்க, அவர் என் கையைப் பிடித்து, அதிகம் யோசிக்காமல் நன்றாக ஓய்வெடுங்கள் முதலாளி என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்காதது அது மட்டுமல்ல. அந்த வாரமே அதிபர் பியூன் கையில் ஒரு பை தோடம்பழம் அனுப்பியிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஹாஷிம் மௌலவி என் தோளைத் தொட்டு, "அல்லாஹ் ஷிஃபாவத் தருவான், மனசத் தளரவிடாதீங்க" என்றார். என் கோபத்தைத்தான் நோய் என்கிறார் போலும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். தோடம்பழத்தைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. நாலு பிள்ளைகள் போனதும் அதிபர் பயந்துவிட்டார், காலில் விழுகிறார் என்று நூருன்னிஸாவிடம் சொன்னேன். அவள் ஒரு பழத்தை உரித்து என் கையில் வைத்தாள்.

மூன்றாவது வாரம் ஹஸீபால் எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் கதவில் எழுதுவதை அவன் பார்த்து எழுதுவதே இல்லை, பஸ்லாவின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுவான். நான் எட்டு என்று எழுதினால் அவன் மூன்று என்று எழுதுவான். ஒரு நாள் வந்த கோபத்தில், "நாளைக்கு வாப்பாவக் கூட்டிட்டு வராம க்ளாஸுக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாலு பேரும் என்னைப் பார்த்த பார்வை விளங்கியது. ஆனால் அதிபர் சொன்ன வார்த்தையை மாற்றினால் ஒழுங்கு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் நான் கடையில் கராம்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது ஹஸீப் சீருடையோடு வந்து, "வாப்பா, ஸேர் உங்கள வரச் சொன்னாரு" என்றான். போகாமல் இருக்க முடியுமா. போனால் என் நாற்காலியில் பஸ்லா இருந்தாள், ஸேர் இன்றைக்கு லீவாம். எதிரில் இருந்த சின்ன பெஞ்சில் என்னை இருக்கச் சொன்னாள். உங்கள் குரல் அப்படியே அவளுக்கு வருகிறது லாத்தா. "ஹஸீப் எத்தன மணிக்குப் படிக்க இருக்கிறாரு? யார் பக்கத்துல இருக்கிறது?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அவருக்கு எந்தப் பாடம் விருப்பம்?" தெரியாது. "குறிப்புப் புத்தகத்துல டீச்சர் எழுதி அனுப்புறத வீட்டுல யார் பார்க்கிறது?" அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஜெஸ்லா மட்டும் சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அன்றைக்கே நான் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். விளங்கிக்கொள்ளாமல் ஹஸீபுக்குத் தண்டனை கொடுத்தேன். வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து ஒரு சுளகு கராம்பில் மொட்டு உடைந்ததை ஒரு பக்கம், மொட்டோடு இருப்பதை ஒரு பக்கம் பிரிக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். பிள்ளை ஒவ்வொரு கராம்பாக எடுத்து மூக்குவரை கொண்டுபோய், கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு ஒரு பக்கம் போடுகிறான். ஒன்றும் பிசகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கராம்பும் சாதிக்காயும் விற்றவர்கள், ஆனாலும் மணத்தைக் கொண்டு மொட்டுப் பிரிக்கிற ஆளை நான் கண்டதில்லை. படிப்பு வராவிட்டால் என்ன, அல்லாஹ் என் மகனுக்கு இப்படி ஒரு மூக்கைக் கொடுத்திருக்கிறானே என்று அன்றைக்கே மாத்தளைக்குப் போய் நளீமின் கடையில் நாலு வியாபாரிகளுக்கு முன்னால் பெருமையடித்தேன். நளீம் அதை நம்பி, ஒரு மூட்டையைப் பிரித்துத் தர ஹஸீபைச் சனிக்கிழமை அனுப்பச் சொன்னான். வீட்டுக்கு வந்து நூருன்னிஸாவிடமும் சொன்னேன். அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அவன் மணந்து பார்க்கல்லங்க. அவனுக்குக் கண் தெரியல்ல. லாத்தா எத்தன தடவ எழுதி அனுப்பினாங்க" என்றாள்.

நான் நம்பவில்லை. ஹஸீபின் குறிப்புப் புத்தகத்தை எடுத்து வந்து கடை வெளிச்சத்தில் விரித்தேன். மாசி மாதம்: "ஹஸீபுக்குப் பலகை தெரியவில்லை போலிருக்கிறது. கண்ணைக் காட்டவும்." கீழே என் கையெழுத்து. இரண்டு வாரம் கழித்து: "முன்வரிசையில் இருத்தியும் தெரியவில்லை. தயவுசெய்து கண் வைத்தியரிடம் கொண்டுபோகவும்." கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே ஒரு கோடு வேறு. அடுத்தது சித்திரையில்: "தம்பி, இதையாவது வாசியுங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, பிள்ளை வினாத்தாளை மூக்கில் வைத்துப் படிக்கிறான். நேரமில்லை என்றால் நான் கொண்டுபோகிறேன், ஒரு வார்த்தை சொல்லுங்கள்." அதற்கும் அழகாகக் கையெழுத்துப் போட்டுத் திகதியும் போட்டிருக்கிறேன். லொறி வந்து சரக்கு இறக்கினால் துண்டில் கையெழுத்துப் போடுகிற மாதிரி, காலையில் நாலு பிள்ளைகளின் புத்தகத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூலையை மட்டும் திருப்பித் திருப்பி வாசிக்காமல் போட்ட கையெழுத்துகள். மாசியிலிருந்தே பிள்ளைக்குக் கண் தெரியவில்லை, நான் அவனைக் களவாகப் பார்த்து எழுதுகிறான் என்று வெயிலில் உட்கார வைத்தேன். அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு நான் அழுதேன், லாத்தா. வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து நின்று, மிளகு காந்தலாக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே பஸ்ஸில் மாத்தளைக்குக் கொண்டுபோய்க் கண்ணைக் காட்டினேன். சுவரிலிருந்த அட்டையில் ஹஸீப் முதல் எழுத்தை மட்டும்தான் சொன்னான், அதுவும் எல்லா இடத்திலும் அந்த எழுத்துத்தான் முதலில் இருக்கும் என்று பஸ்லா சொல்லிக்கொடுத்திருந்தாளாம். கண்ணாடி கையில் கிடைக்க ஒரு வாரம் சென்றது. போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் இருந்து எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தான், கடைப் பலகை, பஸ் போர்ட், துப்பாதீர் என்ற அறிவித்தல் வரைக்கும். பிறகு என் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாப்பா, உங்கட தாடியில இவ்வளவு வெள்ள இருக்கா?" என்றான். பரவாயில்லை, அதைத் தாங்கிக்கொண்டேன். எங்கள் பாதையில் இறங்கி நடந்து வரும்போது தூரத்தில் நீங்கள் உங்கள் வாசலில் நின்றீர்கள். எனக்கு முன்னால் அவன் கண்டுவிட்டான். "வாப்பா, மாமி நிக்கிறாங்க. இங்க இருந்தே முகம் தெரியுது" என்று துள்ளினான். கையைத் தூக்கி ஆட்டப் போனவன் அப்படியே கையை இறக்கிவிட்டான். "எங்களப் பார்த்துட்டு உள்ளுக்குப் போறாங்க வாப்பா" என்றான். அவனுக்கு முதல் தடவையாகத் தூரத்தில் ஒரு முகம் தெரிந்தது, அந்த முகத்தை உள்ளே போக வைத்தவன் நான். அதற்குப் பிறகுதான் மூன்று தடவை உங்கள் கேட்டைத் தடவிப் பார்த்தேன்.

லாத்தா, நீங்கள் எழுதியது சரி. வீட்டில் கவனிப்புப் போதாது. நான் கேட்ட கேள்விக்குப் பதிலும் எனக்கு இப்போது தெரியும். பிள்ளை பெற்ற நான் பார்க்காததைப் பெறாத நீங்கள் பார்த்தீர்கள். நான் சொன்னதை எண்பது பேர் கேட்டார்கள், அந்த எண்பது பேருக்கும் முன்னால் எழுந்து நின்று தப்பு என்னுடையது என்று சொல்ல அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு உதவி கேட்கிறேன், அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை என்பதாலும்தான் எழுதுகிறேன். பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. ஐந்து வாரமாகப் பிள்ளைகள் போகவில்லை, பதிவேட்டில் நாலு பேரின் பெயரையும் வெட்டியிருப்பார்கள். நான் அதிபரிடம் போனால் அவர் என்னை உள்ளே எடுக்கமாட்டார். நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மற்ற மூவரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஹஸீபை மட்டுமாவது உங்கள் வகுப்பில் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் இருத்தினாலும் இனிப் பரவாயில்லை, அவனுக்குத் தெரியும்.

நூருன்னிஸா ஸலாம் சொல்லச் சொன்னாள். பஸ்லியும் பஸ்லாவும் ஸலாம் சொல்கிறார்கள், ஜெஸ்லா கடைசி விலை கேட்கிறாள். உங்கள் கைகால் சுகத்துக்கும் நீண்ட ஆயுளுக்கும் ஐந்து வேளையும் துஆச் செய்கிறேன். பெரிய மனசு வைத்து என்னை மன்னியுங்கள், அல்லது பாதையின் நடுவில் நிற்கவைத்து ஏசுங்கள், உள்ளே மட்டும் போகாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி,
அப்துல் ஸமத்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன் பிழை பார்க்க நூருன்னிஸாவிடம் கொடுத்தேன். அவள் வாசித்து முடித்துக் கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அலுமாரியைத் திறந்து ஐந்து கடதாசிகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பாடசாலைக்குக் கொடுத்த லீவுக் கடிதங்களின் போட்டோ பிரதியாம், வாரத்துக்கு ஒன்று. "எனக்குக் கடும் சுகவீனம் ஏற்பட்டுள்ளதால், நான் குணமடையும்வரை எனது பிள்ளைகள் நால்வரும் என்னுடன் இருக்க வேண்டியுள்ளது" என்று முதலாவதில் இருக்கிறது. ஐந்தாவதில், "தற்போது சற்றுத் தேறி வருகிறேன்" என்று இருக்கிறது. எல்லாவற்றிலும் கீழே என் கையெழுத்து, திகதியோடு. திங்கட்கிழமைகளில் கடைத் துண்டுகளோடு சேர்த்து வைத்தாளாம், நான் போட்டுக் கொடுத்தேனாம். "பிரின்ஸிபலுக்கு நீங்க கூட்டத்துல வாயால சொன்னதப் பதிய இடமில்ல, லீவுக் கடிதம் கையெழுத்தோட வந்தா ஃபைல்ல போடத்தான் வேணுமாம். புள்ளைகள்ட பேர் ஒண்டும் வெட்டுப்படல்ல" என்றாள். தோடம்பழம், துஆ, கிராம சேவகர் எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதைவிட, கடிதங்களில் மேலே இருந்த உருண்டை உருண்டையான எழுத்து யாருடையது என்று நான் கேட்கத் தேவை இருக்கவில்லை. நான் அந்த வார்த்தையைச் சொன்ன மூன்றாவது நாளே துணிக்கொடியருகே நின்று நூருன்னிஸாவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆகவே மேலே நான் கேட்ட உதவியை விட்டுவிடுங்கள், அதை நீங்கள் ஐந்து வாரத்துக்கு முன்பே செய்துவிட்டீர்கள். நாளைக் காலை நாலு பேரும் வருவார்கள். ஆறாவது கடிதத்தை இப்போதுதான் என் முன்னால் வைத்திருக்கிறாள், "பூரண குணமடைந்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தடவை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். அது உண்மையா என்று எனக்கே இன்னும் தெரியாததால் கையெழுத்துப் போடாமல் ஹஸீப் கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவன் வரும்போது வாசலில் நின்று பாருங்கள், பாதையின் இந்தப் பக்கத்திலிருந்தே கை காட்டுவான்.